கேஸ்கட்டே இல்லாத எஞ்சினில் தண்ணீர் எப்படிக் கலந்தது? கிராஸ்லி கோப்ரா: ஒரு நிகழ்வு ஆய்வு

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் தூக்கலாக ஊற்றிய டீ மாதிரி இருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. எந்த மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலும் முதலில் வரும் பதில், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார், இறக்கிப் பாத்துடலாம்" என்பதுதான். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

1940களின் கடைசியில் அமெரிக்காவில் கிராஸ்லி என்ற குட்டிக் காரின் எஞ்சினிலும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியது. ஆனால் அந்த எஞ்சினில் ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தகடு, என்ற பொருளே கிடையாது. ஹெட்டும் சிலிண்டரும் ஒரே உடம்பு. பழியைப் போட கேஸ்கட் இல்லை என்றால் மிச்சம் இருப்பது சிலிண்டரின் சுவர் மட்டும்தான். அந்தச் சுவர் வார்ப்பிரும்பு அல்ல, பிரஸ்ஸில் அடித்து எடுத்த எஃகுத் தகடு. அதில்தான் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விழுந்தன.

அந்த எஞ்சினின் பெயர் கோப்ரா. பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காப்பர், பிரேசிங் என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளை ஒட்டவைத்துச் செய்த பெயர். தகடுகளைச் செம்பால் பற்றவைத்து உருவாக்கிய எஞ்சின் என்று பொருள். கெட்டுப்போன பல எஞ்சின்களின் கதை அவசரம், கஞ்சத்தனம் என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். இது அப்படி முடியாது. செய்முறை நல்ல செய்முறை. சோதனையும் நடந்தது, அதில் தேறவும் செய்தது. அப்புறம் எங்கே இடறியது என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஃப்ரிட்ஜ் விற்றவர் கார் செய்கிறார்

ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியைச் சேர்ந்தவர் பவல் கிராஸ்லி. 1920களில் சாமானியர்கள் வாங்கும் விலைக்கு ரேடியோ செய்து விற்றுப் பெரிய ஆள் ஆனவர். அவருடைய டபிள்யூ.எல்.டபிள்யூ வானொலி நிலையம் 1934-ல் 5,00,000 வாட் சக்தியில் ஒலிபரப்பியது. கதவின் உட்பக்கத்தில் தட்டுகள் வைத்த ஃப்ரிட்ஜை ஷெல்வடோர் என்ற பெயரில் விற்றதும் அவர் நிறுவனம்தான். இன்று நம் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் முட்டையும் தண்ணீர் பாட்டிலும் உட்கார்ந்திருக்கின்றன என்றால் அந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் மனிதருக்கு உள்ளூர இருந்த ஆசை கார். 1939-ல் இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின் வைத்த ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்து, வீட்டுச் சாமான் கடைகளிலேயே நிறுத்தி விற்றார். போர் வந்தது, கார் உற்பத்தி நின்றது. போர் முடிந்த 1945-ல் ரேடியோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் காரை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். இண்டியானா மாநிலத்தின் மேரியன் ஊரில் தொழிற்சாலை. 1946-ல் புதிய கார் வெளியே வந்தது. மொத்த எடை அரை டன் அளவுதான். அவ்வளவு லேசான காருக்குக் கனமான எஞ்சினை வைத்தால் எல்லாம் வீண். அந்த இடத்தில் கோப்ரா கச்சிதமாகப் பொருந்தியது.

தகட்டிலிருந்து எஞ்சின்

எஞ்சினின் உடம்பான பிளாக் என்றால் நம் மனதில் வருவது வார்ப்பு. மணலில் அச்செடுத்து, தண்ணீர் ஓட வேண்டிய இடங்களில் மணல் கோர் வைத்து, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. உள்ளே நிற்கும் கோர் ஊற்றும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, மறு பக்கம் தடித்துவிடும். அதனால் ஃபவுண்ட்ரிக்காரர்கள் சுவரைத் தேவைக்கு மேல் தடிமனாகவே வைப்பார்கள். இந்த உபரி இரும்பையும் சேர்த்துத்தான் கார் ஆயுள் முழுக்கச் சுமக்கிறது. எஃகுத் தகட்டில் அந்தச் சந்தேகம் கிடையாது. ரோலில் இருந்து வரும்போதே ஒரே தடிமன். 1.6 மில்லிமீட்டர் என்றால் எங்கும் 1.6 மில்லிமீட்டர்.

கலிஃபோர்னியாவில் லாய்ட் டெய்லர் என்பவர் இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உருவாக்கியதுதான் இந்த எஞ்சின். போர்க்காலத்தில் அதைக் கிராஸ்லி எடுத்துக்கொண்டு ராணுவத் தேவைக்காகச் செய்தது. நான்கு சிலிண்டர், 724 சிசி. நம் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைவிடச் சின்னது. சிலிண்டர் துளையின் விட்டம் (போர்) 63.5 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 57 மி.மீ. 5,400 ஆர்.பி.எம்.மில் 26.5 குதிரைத்திறன். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்கை ஐந்து பேரிங் தாங்கியது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே, ஹெட்டுக்குள். அதைச் சுழற்ற செயினோ பெல்ட்டோ இல்லை, பல்சக்கரம் வைத்த ஒரு செங்குத்து ஷாஃப்ட். அந்தக் காலத்து மலிவு விலைக் காரில் இதெல்லாம் ஆடம்பரம். பந்தய எஞ்சினில் பார்க்க வேண்டியவை.

எடையைச் சொன்னால்தான் இந்த எஞ்சினின் அருமை புரியும். துணைக் கருவிகள் எதுவும் இல்லாமல் 59 பவுண்டு, அதாவது 27 கிலோவுக்குள். ஃப்ளைவீல், டைனமோ என்று எல்லாவற்றையும் மாட்டிய பிறகும் சுமார் 60 கிலோ. நாற்பதுகளில் நான்கு சிலிண்டர் தண்ணீர்க் குளிர்ச்சி எஞ்சினை ஒருவர் தனியாகத் தூக்கிப் பெஞ்சில் வைக்கலாம் என்றால் நம்பியிருக்க மாட்டார்கள்.

கீழே, கிராங்க் சுழலும் பெட்டியான கிராங்க்கேஸ் அலுமினிய வார்ப்பு. அதன் மேல் உட்கார்ந்த பிளாக்தான் தகட்டு வேலை. சிலிண்டர் குழாய்கள், எரி அறையின் கூரை, வால்வ் வழிகள், சுற்றிலும் தண்ணீர் ஓடும் உறையான ஜாக்கெட் என்று நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றையும் தனித்தனி டையில் அடித்து எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றை இறுக்கமாகச் செருகி, கழன்றுவிடாமல் அங்கங்கே புள்ளி வெல்டிங் வைத்து நிறுத்துவார்கள். இணைப்புகளின் ஓரத்தில் செம்பு வைக்கப்படும். பிறகு மொத்த பிளாக்கும் உலைக்குள் போகும்.

இந்த உலை வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். உலையின் சூடு அதைத் தாண்டி 1,120 டிகிரி அளவில் இருக்கும். எஃகு உருக இன்னும் நானூறு டிகிரி பாக்கி, அதனால் தகடு அப்படியே நிற்கும். உலைக்குள் காற்று இருந்தால் எஃகின் மேல் ஆக்சைடு படிந்து செம்பு ஒட்டாது. ஆகவே ஆக்சைடை நீக்கும் வாயுவால் உலையை நிரப்புவார்கள். அப்படிச் சுத்தமான எஃகின் மேல் உருகிய செம்பு தண்ணீரைவிட நன்றாகப் பரவும். அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளி செம்பைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கோந்து போட்டு ஒட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே இடைவெளி எவ்வளவு குறைவோ இணைப்பு அவ்வளவு உறுதி. அழுத்திச் செருகிய இணைப்பே ஆகச் சிறந்த இணைப்பு. வெல்டருடைய கைப்பிடி எட்டாத, கண்ணுக்கே தெரியாத உள் மூலைகள்கூட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். நூறு துண்டாக உள்ளே போனது ஒரே துண்டாக வெளியே வரும்.

இதே முறையில் இன்றும் கோடிக்கணக்கான மீட்டர் குழாய் தயாராகிறது. காரின் பிரேக் குழாயை அறுத்துப் பார்த்தால் செம்பு பூசிய எஃகுப் பட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, செம்பாலேயே பற்றியிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். ஃப்ரிட்ஜ் தொழிலிலும் அப்போதே இந்த உலை புழக்கத்தில் இருந்தது. பிரஸ், டை, தகடு, உலை இவற்றிலேயே புழங்கிய கிராஸ்லிக்கு, ஃபவுண்ட்ரி வைத்து எஞ்சின் செய்வதைவிட இது நெருக்கமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

செலவுக் கணக்கில் இது லாபமா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு. நூறு துண்டு என்றால் அவற்றுக்கான டைகள், அவற்றைச் செருகும் கைகள், உலைக்குப் பிறகு ஒழுகலைச் சோதிக்கும் வேலை எல்லாம் சேரும். வார்ப்பில் இவையெல்லாம் ஒரே ஊற்றலில் முடிந்துவிடும். எடைக்காகத்தான் தகடு. விலைக்காக என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

போரில் தேறியது

போர்க்காலத்தில் கோப்ரா பார்த்த வேலை பெரும்பாலும் நின்ற இடத்தில். ஜெனரேட்டர் ஓட்டுவது, குளிரூட்டும் லாரிகளின் கம்ப்ரஸரைச் சுழற்றுவது போன்றவை. பி.டி. என்ற டார்பிடோ படகுகளையும் பி-17 குண்டுவீச்சு விமானங்களையும் மனதில் வைத்தே அது உருவானது. அங்கே அதைப் பற்றிப் பெரிய புகார் எழவில்லை.

இதற்குக் காரணம் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. ஜெனரேட்டர் எஞ்சின் ஒரே வேகத்தில், ஒரே சூட்டில் ஓடும். அதைப் பார்த்துக்கொள்ள பயிற்சி பெற்ற மெக்கானிக் இருப்பார். எத்தனை மணி ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது, எப்போது தண்ணீர் மாற்றியது என்று ஏட்டில் எழுதுவார். எழுதாவிட்டால் மேலதிகாரி கேட்பார்.

முதல் உலகப் போரின் விமான எஞ்சின்களிலும் இதே சங்கதிதான். ஜெர்மனியின் மெர்சிடிஸ், அமெரிக்காவின் 27 லிட்டர் லிபர்ட்டி இரண்டிலும் எஃகு சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஜாக்கெட்டாக மெல்லிய தகட்டையே வெல்டிங் செய்திருந்தார்கள். அந்தக் காலத்து விமான எஞ்சினைச் சில பத்து மணி நேரம், மிஞ்சினால் சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். துரு தன் வேலையைச் செய்து முடிக்க அவ்வளவு அவகாசம் கொடுக்கப்படவே இல்லை.

வீட்டு வாசலுக்கு வந்தது

1946-ல் கோப்ரா காரில் ஏறியது. அதை வாங்கியவர்கள் சிக்கனமாக வாழ்ந்தவர்கள். மலிவு விலைக்காகவே கிராஸ்லி வாங்கியவர், ரேடியேட்டருக்கு எதை ஊற்றுகிறோம் என்று மண்டையை உடைத்துக்கொள்வாரா? குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிக்காமல் இருக்க ஏதாவது ஒரு ஆன்டிஃப்ரீஸ் ஊற்றியாக வேண்டும். நல்ல கிளைகால் இருந்தது. ஆல்கஹாலும் இருந்தது. கால்சியம் குளோரைடு போன்ற உப்புகளைக் கரைத்த மலிவுச் சரக்கும் அந்தக் காலத்தில் புழங்கியது. உப்பு கரைந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பது உண்மைதான். கடல் அதனால்தான் ஏரி மாதிரி உறைவதில்லை. ஆனால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதும் உண்மை.

இங்கே வீட்டுக் குழாயை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஜி.ஐ. பைப்பில் பித்தளைக் குழாய் மாட்டியிருப்பார்கள். சில வருஷம் கழித்துக் கழற்றப் போனால் பித்தளை அப்படியே பளபளவென்று இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருந்த பைப்பின் மரைதான் உதிர்ந்து கையோடு வரும். போர்வெல் தண்ணீராக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். பிளம்பர் பைப்பைத் திட்டுவார். உண்மையில் நடந்தது, இரண்டு உலோகமும் நடுவில் உப்புத் தண்ணீரும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி ஆகிவிட்டது. செம்போ செம்புக் கலவையோ ஒரு பக்கம், இரும்போ துத்தநாகமோ மறு பக்கம் என்றால் கரையப்போவது எப்போதும் இரும்புப் பக்கம்தான்.

கோப்ராவின் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் இதேதான். எஃகுத் தகடு, அதன் இணைப்பெங்கும் செம்பு, இரண்டையும் நனைத்துக்கொண்டு சூடான உப்புத் தண்ணீர். இணைப்பு மூலைகளில் தண்ணீர் தேங்கும். அங்கே செம்புக்கு ஒட்டிய எஃகு அரிக்கப்படும். இன்னொரு வழியும் உண்டு. செம்பிலிருந்து மிகக் கொஞ்சம் கரைந்து தண்ணீரோடு சுற்றி, இணைப்பிலிருந்து தள்ளியிருக்கும் எஃகின் மேல் புள்ளி புள்ளியாகப் படியும். படிந்த ஒவ்வொரு புள்ளியும் தனக்கென ஒரு குட்டி பேட்டரியைத் தொடங்கிவிடும். இப்படி நடக்கும் அரிப்பு பரவலாக மெலியவைக்காது, குழி குழியாகத் தோண்டும். தகடு 1.6 மி.மீ. மட்டுமே. குழி மறுபக்கம் எட்டிய நாளில் தண்ணீர் சிலிண்டருக்குள்.

அமெரிக்காவில் இதை எலெக்ட்ராலிசிஸ் என்றே சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியான சொல் இல்லை. வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தி உலோகத்தைக் கரைப்பதுதான் அது. இங்கே யாரும் மின்சாரம் கொடுக்கவில்லை, உலோகங்களே அதைச் செய்துகொண்டன. சொல் தவறியதில் ஒரு நஷ்டமும் உண்டு. "எர்த் வயரைச் சரிபார்" என்று தேடுவார்கள், தண்ணீரை மாற்ற மறந்துவிடுவார்கள்.

முக்கியமான ஒன்று: இந்த பேட்டரிக்கு எஞ்சின் ஓட வேண்டும் என்ற அவசியம் இல்லை. கார் கொட்டகையில் வாரக்கணக்கில் நின்றாலும் உள்ளே வேலை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். ராணுவ ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் கணக்கிட்டால் போதும். குடும்பக் காருக்கு நிற்கும் நேரமே பெரிய நேரம்.

வேறு காரணம் இருக்க முடியாதா?

ஒரு கோளாறைப் பற்றி ஒரே காரணம் சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். எனவே மற்றவற்றையும் பார்த்துவிடலாம்.

பிரேசிங் சரியாக அமையாமல் ஒழுகியிருக்கலாமா? சில பிளாக்குகளில் நடந்திருக்கலாம். ஆனால் அந்தக் குறை தொழிற்சாலைச் சோதனையிலோ ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளிலோ தெரிந்துவிடும், ஒழுகுவதும் இணைப்பில்தான் ஒழுகும். போர்க்கால எஞ்சின்களிலும் அது தலைகாட்டியிருக்க வேண்டும். சுவரின் நடுவில், கொஞ்ச காலம் ஓடிய பிறகு, காரில் மட்டும் விழும் ஓட்டைக்கு அது பொருந்தவில்லை.

பிஸ்டன் ரிங் தேய்ந்து சுவர் மெலிந்ததா? அப்படியானால் நீலப் புகை வரும், இழுவை குறையும், ஆயில் தீரும். தண்ணீர் கலக்காது.

சூடேறியதால் தகடு நெளிந்ததா? இதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். வார்ப்பிரும்பு பிளாக்கின் பருமனே ஒரு பாதுகாப்பு. ஓரிடத்தில் சூடு கூடினாலும் சுற்றியுள்ள இரும்பு அதை வாங்கிக்கொள்ளும். மெல்லிய தகட்டுக்கு அந்த வசதி குறைவு. சிலிண்டர் வட்டம் கெடலாம், வால்வ் சீட் சரியாக உட்காராமல் போகலாம். ஆனால் தண்ணீர் ஏன் குறைந்தது, எஞ்சின் ஏன் சூடேறியது என்று பின்னோக்கிப் போனால் பல நேரம் அந்த ஊசி ஓட்டைக்கே வந்து சேர்வோம். அரிப்பு முதல் குற்றவாளி, சூடு அதன் கூட்டாளி என்பதே என் கணக்கு.

பழுது பார்ப்பதுதான் உண்மையான சோகம். சாதாரண எஞ்சினில் ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டர் கண்ணுக்குத் தெரியும். இதில் கழற்ற ஹெட்டே இல்லை. பிளாக்கை முழுசாக மேலே தூக்கி, கீழ்ப்பக்கம் வழியாக உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். வால்வைத் தேய்ப்பதென்றாலும் சிலிண்டர் துளை வழியாகத்தான். ஓட்டையைக் கண்டுபிடித்தாலும் என்ன செய்வது? வெல்டிங் சுடர் பட்டால் பக்கத்துச் செம்பு இணைப்பு உருகும். சிலிண்டரைக் குடைந்து லைனர் என்ற புது உள்குழாயை இறக்கலாம் என்றால் குடைய அங்கே உலோகமே இல்லை. தண்ணீர்ப் பக்கம் முழுக்க மூடிய பெட்டி, எவ்வளவு அரித்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கவும் வழியில்லை. இன்று ஒரு ஓட்டையை அடைத்தால் நாளைக்குப் பக்கத்துக் குழி திறக்கும்.

மூனி மைட் என்ற ஒற்றை இருக்கை விமானத்தின் ஆரம்பப் பிரதிகளிலும் கிராஸ்லி எஞ்சினை மாற்றியமைத்து வைத்தார்கள். லேசான எஞ்சின், குட்டி விமானம், பொருத்தம் சரி என்று தோன்றியிருக்கும். அங்கேயும் நிலைக்கவில்லை. சீக்கிரமே 65 குதிரைத்திறன் லைக்கமிங்குக்கு மாறினார்கள்.

இரும்புக்குத் திரும்பினார்கள்

1949-ல் கிராஸ்லி நிறுவனம் தகட்டை விட்டது. புதிய பிளாக்குக்கு சிபா என்று பெயர். வார்ப்பிரும்பு பிளாக் அசெம்பிளி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். கவனிக்க வேண்டியது, அவர்கள் எஞ்சினை மாற்றவில்லை. அதே 724 சிசி, அதே ஐந்து பேரிங், அதே மேல் கேம், அதே 26.5 குதிரைத்திறன். ஹெட் கழற்ற முடியாத அமைப்பும் அப்படியே. தகட்டால் செய்திருந்த அந்த ஒரு பகுதியை மட்டும் வார்த்தார்கள். எடை சில கிலோ கூடியது. கோளாறு போயிற்று. பழைய கார்கள் பலவற்றிலும் கோப்ராவை இறக்கிவிட்டு இதை ஏற்றினார்கள். அதனால் இன்று பழைய கார் பிரியர்களிடம் உள்ள கிராஸ்லிகளில் அசல் கோப்ராவோடு ஓடுவது அபூர்வம்.

வார்ப்பிரும்பு துருப்பிடிக்காதா என்றால் பிடிக்கும். ஆனால் அங்கே இணைப்பே இல்லை, பக்கத்தில் செம்பும் இல்லை. பல மடங்கு தடித்த சுவரை அதே துரு குடைந்து முடிப்பதற்குள் காரின் மற்ற எல்லாம் போய்விடும். ஃபவுண்ட்ரிக்காரர் பயந்து வைத்த உபரி இரும்பு இங்கே காப்பீடாக வேலை செய்தது.

அந்த அடிப்படை வடிவமைப்பு எவ்வளவு நல்லது என்பதும் அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. 1950 டிசம்பர் 31-ல் ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் முதன்முதலாக நடந்த 6 மணி நேரப் பந்தயத்தில், எஞ்சின் அளவுக்கேற்பக் கணக்கிட்ட முறையில் முதலிடம் பெற்றது கிராஸ்லி ஹாட் ஷாட். ஓட்டியவர்கள் ஃபிரிட்ஸ் காஸ்டர், ரால்ஃப் டெஷான். பந்தயத்துக்கென்று தயாரித்த வண்டிகூட இல்லை, வேறொருவர் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்த காரை இரவல் வாங்கி ஓட்டினார்கள். இத்தாலியில் பாண்டினி தன் குட்டிப் பந்தயக் கார்களில் இந்த எஞ்சினையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். கார் நிறுவனம் போன பின்னும் இதன் வாரிசுகள் படகு எஞ்சினாகக் கை மாறி மாறி 1970கள் வரை வந்தன.

ஆனால் கார் பிழைக்கவில்லை. 1948-ல் உச்சத்தில் இருந்த விற்பனை, 1949-ல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. இதற்கு எஞ்சின் ஓட்டையை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. போருக்குப் பின் கார் தட்டுப்பாடு தீர்ந்து, பெரிய கம்பெனிகள் புத்தம்புது மாடல்களைக் கொண்டுவந்த வருஷம் அது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் முழு அளவுக் கார் கிடைக்கும்போது குட்டிக் கார் எதற்கு? இருந்தாலும் "கிராஸ்லியா, எஞ்சின் ஓட்டையாகுமே" என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மறுவிற்பனை விலை படுத்துவிட்டது. சிபா வந்த பிறகும் அந்தப் பேச்சை நிறுத்த முடியவில்லை. 1952 ஜூலையில் கார் உற்பத்தி நின்றது.

தகட்டு எஞ்சின் செத்துவிட்டதா?

இல்லை. ரயிலில் அதன் தடித்த உறவினர்களைத்தான் நாம் பல காலம் கேட்டுவந்தோம். பல பத்தாண்டுகள் நம் ரயில்களை இழுத்த டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜினில் இருந்த ஆல்கோ 251-இன் பிளாக், தடித்த எஃகுப் பலகைகளை வெட்டி வெல்டிங் செய்து உருவாக்கியது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் அவற்றைப் பிரித்துக் கோத்தவர்களுக்கு இது பழகிய விஷயம். பின்னால் வந்த டபிள்யூ.டி.ஜி-4-இல் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் வம்சத்து எஞ்சினும் வெல்டிங் செய்த கிராங்க்கேஸ்தான்.

அந்த ஜெனரல் மோட்டார்ஸ் வம்சத்தின் கதையில் கோப்ராவுக்கான பதில் ஒன்று ஒளிந்திருக்கிறது. அவர்களுடைய 567 வரிசையின் ஆரம்ப எஞ்சின்களில் தண்ணீர் நேரடியாகக் கிராங்க்கேஸின் பலகைகளைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அங்கேயும் கசிவு, ஆயிலில் தண்ணீர் என்று தொல்லை. 1950களில் 567சி வந்தபோது, வெல்டிங்கை விட்டுவிட்டு வார்ப்புக்குப் போகவில்லை. தண்ணீரைத்தான் வெளியேற்றினார்கள். ஒவ்வொரு லைனருக்கும் தனியாகக் குழாய் வைத்து, தண்ணீர் லைனரின் ஜாக்கெட்டுக்குள் மட்டும் சுற்றி வெளியேறும்படி செய்தார்கள். எலும்புக்கூடாக நிற்கும் எஃகுப் பலகையைத் தண்ணீர் தொடுவதே இல்லை. பின்னால் வந்த 710 வரிசை வரை அதே ஏற்பாடு.

கோப்ராவில் இதைச் செய்திருக்க முடியுமா? எளிதில் முடியாது. அதன் தகடே சிலிண்டர், தகடே தண்ணீர்த் தொட்டி. எடை குறைந்ததற்குக் காரணமே அந்த இரட்டை வேலைதான். தனி லைனர் போட்டிருந்தால் எடையும் துண்டுகளின் எண்ணிக்கையும் ஏறியிருக்கும், வார்ப்புக்கே போயிருக்கலாமே என்று கணக்கு சொல்லியிருக்கும். துருத் தடுப்பான் கலந்த ஆன்டிஃப்ரீஸை மட்டும் ஊற்றுங்கள் என்று கட்டாயப்படுத்தியிருக்கலாம். விலை பார்த்து வண்டி வாங்கிய வாடிக்கையாளர் அதைக் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கிராஸ்லி பாடம் படித்துவிட்டார் என்று எழுதியிருக்கலாம். எஞ்சினை இரும்புக்கு மாற்றிய அதே 1949-ல், செப்ரிங்கில் பின்னால் பேர் வாங்கப்போகும் ஹாட் ஷாட் வெளிவந்தது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அமெரிக்கக் கார்களில் அப்போது மிக அபூர்வமான வசதி. குட்இயர்-ஹாலி என்ற அந்த பிரேக் விமானத்துக்காக வடிவமைத்தது. விமானத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒருவர் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார். குளிர்காலச் சாலையில் பனியைக் கரைக்கத் தூவிய உப்பு அந்த பிரேக்குக்குள் புகுந்தது. பிரேக் இறுகிக்கொண்டது. சீக்கிரமே பழைய டிரம் பிரேக்குக்குத் திரும்பினார்கள்.